மா. கிருஷ்ணன்: மயிலாப்பூரில் உட்கார்ந்து காட்டை எழுதியவர்

மயிலாப்பூரில் நரி ஊளையிட்டது, மான் மேய்ந்தது என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா? பாட்டி கதை என்றுதான் நினைப்போம். ஆனால் இது நடந்து நூறு வருடம்தான் ஆகிறது. அதைச் சின்ன வயதில் நேரில் பார்த்த ஒருவர் 1996 வரை நம்மோடு இருந்தார், அதுவும் மயிலாப்பூரிலேயே.

அவர் பெயர் மா. கிருஷ்ணன். எழுத்தாளர், ஓவியர், புகைப்படக்காரர், இயற்கையை ஆராய்ந்தவர். தன் கட்டுரைகளுக்குத் தானே படம் வரைந்தார். கேமராவைக்கூடத் தானே பொருத்திச் செய்துகொண்டார். ஒரே நாளிதழில் 46 வருடம் விடாமல் பத்தி எழுதினார்.

என் வகுப்பில் பத்துப் பேரிடம் இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டேன். இரண்டு பேர் "கிரிக்கெட் ப்ளேயரா?" என்றார்கள். மற்ற எட்டுப் பேர் அதுகூடச் சொல்லவில்லை. :-)

கல்கத்தாக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை காபியோடு படித்த ஒரு மயிலாப்பூர்க்காரரை நமக்கு ஏன் தெரியாமல் போனது? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

ஏரியும் புதர்க்காடும்

இன்றைக்கு டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை என்று சொல்கிறோமே, அதன் பழைய பெயர் எட்வர்ட் எலியட்ஸ் சாலை. அங்கேதான் கிருஷ்ணன் குடும்பத்தின் வீடு. வீட்டுக்குப் பெருங்குளம் ஹவுஸ் என்று பெயர். திருநெல்வேலிப் பக்கத்துச் சொந்த ஊரின் பெயரை மெட்ராஸ் வீட்டுக்கு வைத்திருந்தார்கள்.

கிருஷ்ணன் பிறந்தது 1912 ஜூன் 30, திருநெல்வேலியில். எட்டுக் குழந்தைகளில் கடைக்குட்டி. வளர்ந்தது மெட்ராஸில். அப்போதைய மெட்ராஸை மனதில் கொண்டுவருவது நமக்குக் கொஞ்சம் கஷ்டம். அவர் பிறந்தபோது தி. நகர் என்ற ஊரே கிடையாது. அங்கே மாம்பலம் ஏரி இருந்தது. 1920-களில் ஏரியின் ஒரு பகுதியைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை உருவாக்கினார்கள். இன்று பனகல் பார்க் சிக்னலில் ஹார்ன் அடித்துக்கொண்டு நிற்கிற பக்கமெல்லாம் அப்போது தண்ணீரும் கரையும் வயலும் தோப்பும்.

மயிலாப்பூரிலும் கோயிலையும் குளத்தையும் சுற்றித்தான் வீடுகள் நெருக்கமாக இருந்தன. கொஞ்சம் தள்ளிப் போனால் புதர்க்காடு. அதில் நரி, வெளிமான், விதவிதமான பறவைகள். பையன் கிருஷ்ணன் ஒரு கீரிப்பிள்ளையைக்கூட வளர்த்தாராம்.

அந்த வெளிமான்கள் இன்று சென்னையில் இருப்பது வேலிக்குள்ளேதான். கிண்டிக் காட்டை 1978-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பரப்பளவு சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். ராஜ்பவன், ஐ.ஐ.டி., அடையாறு என்று நாலாபக்கமும் நகரம் சூழ்ந்த ஒரு சின்னத் துண்டு. கிருஷ்ணன் சிறுவனாக இருந்தபோது இப்படி வேலி போடத் தேவையிருக்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு அவரைப் படித்தால்தான் அவருடைய கோபமும் அக்கறையும் புரியும்.

அப்பா பெயர் மாதவையா

தமிழ் நாவல் வரலாறு படித்தவர்களுக்கு அ. மாதவையாவைத் தெரிந்திருக்கும். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் (1879), ராஜமய்யரின் கமலாம்பாள் சரித்திரம், மாதவையாவின் பத்மாவதி சரித்திரம் (1898) மூன்றையும் தமிழின் முதல் நாவல்கள் என்று வரிசையாகச் சொல்வார்கள். அந்த மாதவையாவின் கடைசிப் பிள்ளைதான் நம் கிருஷ்ணன்.

மாதவையாவுக்கு உப்புத் துறையில் அரசு வேலை. எழுத்திலோ சமூகச் சீர்திருத்தம். குழந்தை மணத்தையும் விதவைகள் படும் பாட்டையும் எதிர்த்துக் கதை எழுதிச் சொந்தக்காரர்களின் கோபத்துக்கு ஆளானவர். பிற்காலத்தில் பஞ்சாமிர்தம் என்ற பத்திரிகையையும் நடத்தினார்.

அவருடைய மரணம் ஒரு நாடகக் காட்சி மாதிரி. 1925 அக்டோபர் 22. கடற்கரையில் இருக்கும் செனட் ஹவுஸில் சென்னைப் பல்கலைக்கழகக் கூட்டம். பி.ஏ. படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று மாதவையா பேசினார். பேசி முடித்தவர் அங்கேயே உயிரை விட்டார். வயது 53.

அப்போது கிருஷ்ணனுக்கு 13 வயது.

தமிழுக்காகப் பேசிய கையோடு இறந்துபோனவரின் மகன், வாழ்நாளில் பெரும்பகுதி ஆங்கிலத்தில்தான் எழுதினார். இது முரண்பாடா, இல்லை அந்தக் காலத்தின் கட்டாயமா? பிறகு பார்ப்போம்.

வீட்டில் இன்னொரு எழுத்தாளரும் உண்டு. அண்ணன் மா. அனந்தநாராயணன். ஐ.சி.எஸ். அதிகாரி, பின்னாளில் சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி. 'தி சில்வர் பில்கிரிமேஜ்' என்ற ஆங்கில நாவல் (1961) எழுதியவர். ஒரு பிள்ளை தலைமை நீதிபதி, இன்னொரு பிள்ளை நிரந்தர வேலை இல்லாத இயற்கை ஆர்வலர் என்றால், நம் வீடுகளில் யாரை உதாரணம் காட்டுவார்கள் என்று சொல்லவே வேண்டாம்!

தாவரவியல் சொல்லிக்கொடுத்த கண்

திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துவிட்டு 1927-ல் பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்தார். 1931-ல் பட்டம். அங்கே அவருக்குத் தாவரவியல் எடுத்தவர் பேராசிரியர் பி. எஃப். ஃபைசன். நீலகிரி, பழனி மலைகளின் செடிகொடிகளைப் பற்றி இன்றும் தாவரவியலாளர்கள் புரட்டுகிற நூல்களை எழுதியவர்.

ஃபைசன் மாணவர்களை நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் கூட்டிப் போவார். கிருஷ்ணனும் போனார். ஃபைசனின் மனைவி நல்ல ஓவியர். கணவரின் நூல்களுக்குப் படம் வரைந்தவர். வாட்டர்கலர் தீட்டும் முறையைக் கிருஷ்ணன் அவரிடம்தான் கற்றார்.

இது ஒரு சின்னத் தகவல் மாதிரி தெரியும். எனக்கு இதுதான் அவர் வாழ்க்கையின் சாவி என்று படுகிறது. தாவரவியல் படம் வரைகிறவர் 'ஏதோ ஒரு இலை' என்று வரைந்துவிட முடியாது. இலை எதிரெதிராக இருக்கிறதா, மாறி மாறி இருக்கிறதா, காம்பு எவ்வளவு நீளம், விளிம்பில் பல் இருக்கிறதா என்று எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். பார்க்காமல் வரைந்தால் படம் பொய் சொல்லும். பின்னாளில் ஒரு அணிலையோ யானையையோ கிருஷ்ணன் எழுதும்போது அதே கண்தான் வேலை செய்தது.

மார்க் மட்டும் வரவில்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளை என்று யாரும் சொல்லவில்லை. 1930-களின் பொருளாதார மந்தம் வேறு. நல்ல வேலை கிடைக்கவில்லை. சின்னப் பத்திரிகைகளில் எழுதுவது, கேலிச்சித்திரம் வரைவது, அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் என்று பத்து வருடம் ஓடியது.

சண்டூர்: எல்லா வேலையும் பார்த்த இடம்

1942-ல் ஒரு வாய்ப்பு வந்தது. பெல்லாரி பக்கத்தில் சண்டூர் என்று ஒரு குட்டி சமஸ்தானம். இன்று கர்நாடகத்தில் இருக்கிறது. அங்கே மகாராஜாவிடம் வேலை.

என்ன வேலை என்று கேட்டால் சிரிப்பு வரும். பள்ளிக்கூட வாத்தியார், நீதிபதி, விளம்பர அதிகாரி, ராஜாவின் அரசியல் செயலாளர் என்று மாற்றி மாற்றி எல்லாம் பார்த்தார். நடுவில் ஆடு வளர்த்தார், புறா வளர்த்தார். புறாவை வைத்துத் தபால் அனுப்பும் ஏற்பாடு ஒன்றைக்கூட முயன்று பார்த்தார் என்கிறார்கள்.

சண்டூர் குன்றும் காடும் சூழ்ந்த ஊர். மீதி நேரமெல்லாம் அதில் அலைந்து பார்த்ததுதான் அவருக்குப் பல்கலைக்கழகம். பெரிய காட்டுக்குப் பெரிய செலவில் போய்ப் புலி பார்த்துவிட்டு வருகிற ஆள் அல்ல அவர். வீட்டு வாசலில் தொடங்கும் புதர்க்காட்டில் தினமும் நடந்தவர். 'தி இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி'யில் தொடர் எழுதினார். 'தி ஹிந்து'வில் ஒற்றை எழுத்துப் புனைபெயரில் எழுதினார்.

1949-ல் சண்டூர் இந்தியாவோடு இணைந்தது. ராஜா போனார், வேலையும் போனது. 37 வயதில் கிருஷ்ணன் மெட்ராஸுக்குத் திரும்பினார். அதற்குப் பிறகு எந்த அலுவலகத்திலும் நிரந்தரமாகச் சேரவில்லை. எழுத்து, படம், புகைப்படம், இவ்வளவுதான் வருமானம். இன்றைக்கு ஃப்ரீலான்ஸ் என்கிறோமே, அதுதான். 1950-ல் குடும்பத்தோடு அப்படி ஒரு முடிவு எடுப்பதற்கு நிஜமாகவே தைரியம் வேண்டும்.

46 வருடம் ஒரே பத்தி

1950-ல் கல்கத்தாவின் 'தி ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 'கன்ட்ரி நோட்புக்' என்ற பத்தியை ஆரம்பித்தார். தமிழில் 'நாட்டுப்புறக் குறிப்பேடு' என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. கூடவே பல சமயம் அவரே பேனாவால் வரைந்த கோட்டுப்படம்.

இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று 46 வருடத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு வரும்! பத்தி தொடங்கும்போது நேரு பிரதமர், முடியும்போது நரசிம்ம ராவ். அந்த இடைவெளியில் இந்தியக் காடுகளுக்கு என்னென்னவோ நடந்தது. சிவிங்கிப்புலி இந்தியாவில் அற்றுப்போனது என்று 1952-ல் அறிவித்தார்கள். அணைகள் வந்தன, தேயிலையும் யூகலிப்டஸும் பரவின. 1972-ல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1973-ல் புலிகள் திட்டம். இவ்வளவையும் கூடவே இருந்து பார்த்துக் குறித்துக்கொண்டு வந்த பத்தி அது.

ஆனால் அதில் புலி, யானை மட்டும் இல்லை. காகம், அணில், கீரி, வீட்டுப் புறா எல்லாம் வரும். 1961-ல் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட அவர் புத்தகத்தின் பெயரே 'ஜங்கிள் அண்ட் பேக்யார்ட்', அதாவது காடும் கொல்லைப்புறமும். இரண்டுக்கும் ஒரே மரியாதை.

இந்த வகை எழுத்துக்கு ஒரு பரம்பரை உண்டு. இங்கிலாந்தில் கில்பர்ட் வைட் என்ற பாதிரியார் தன் கிராமத்தைவிட்டு அதிகம் நகராமல், அங்குள்ள பறவைகளையும் புழுக்களையும் கடிதங்களாக எழுதி 1789-ல் புத்தகமாக்கினார். இந்தியாவில் பம்பாய் மாகாணத்தில் எட்வர்ட் ஹாமில்டன் எய்ட்கென் என்பவர் பங்களாவுக்குள் வரும் எலி, பல்லி, எறும்பு, தவளையைப் பற்றி நகைச்சுவையாக எழுதினார் (1883). அவருக்கும் சுங்க, உப்புத் துறையில்தான் வேலை. மாதவையாவுக்கும் உப்பு, எய்ட்கெனுக்கும் உப்பு! இந்த உப்புக்கும் எழுத்துக்கும் என்ன சம்பந்தமோ தெரியவில்லை. :-)

கிருஷ்ணன் இந்த வரிசையில் வருகிறவர்தான். ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அந்தக் காலத்தில் இந்தியக் காட்டைப் பற்றி எழுதியவர்களில் பலர் வேட்டைக்காரர்களாக இருந்து மாறியவர்கள். ஜிம் கார்பெட்டே அப்படித்தான். கிருஷ்ணன் அந்த வழியில் வரவில்லை. தாவரவியல் வழியாகவும் தமிழ் வழியாகவும் வந்தார்.

சூப்பர் பாண்டரோசா

இப்போது கேமரா கதைக்கு வருவோம்.

கிருஷ்ணன் கடைசிவரை கறுப்பு வெள்ளைப் படம்தான் எடுத்தார். கலர் ஃபிலிம் வந்து உலகமே மாறிய பிறகும் அப்படித்தான். அவருடைய கேமரா எந்தக் கடையிலும் கிடைக்காது. உடல் ஒரு கம்பெனி, லென்ஸ் வேறொரு கம்பெனி, மற்ற உதிரிகள் இன்னும் வேறு. எல்லாவற்றையும் அவரே இணைத்துப் பொருத்திய ஒரு ராட்சதக் கருவி. அதற்கு அவர் வைத்த பெயர் 'சூப்பர் பாண்டரோசா'. இ. பி. ஜீ என்ற புகழ்பெற்ற இயற்கை ஆர்வலர் அதைப் பார்த்துவிட்டு, உள்ளே எங்கேயோ கம்பியும் கட்டும் இருக்கத்தான் வேண்டும் என்கிற தொனியில் கிண்டலாக எழுதியிருக்கிறார்.

நீலகிரியில் ட்ரவுட் மீன் பிடிக்கப் போன வெள்ளைக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. தூண்டிலில் புழு மாட்ட மாட்டார்கள். இறகையும் நூலையும் சின்னக் கொக்கியில் சுற்றிப் பொய்ப் பூச்சி செய்வார்கள். கடையில் கிடைத்தாலும் தன் கையால் கட்டிய பூச்சியில் மீன் மாட்டினால்தான் பெருமை. அதற்கு அந்த ஆற்றில் எந்த மாதத்தில் எந்தப் பூச்சி பறக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். அவர்களில் சிலர் அதை எழுதி, படமும் வரைந்து பெரிய பெயர் வாங்கியிருக்கிறார்கள். கிருஷ்ணனின் கேமராவும் கிட்டத்தட்ட அந்த ஜாதிதான். தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்பவருக்கு, தனக்கு என்ன வேண்டும் என்பது முதலில் தெளிவாகத் தெரிந்திருக்கும். அவருக்குத் தெரிந்திருந்தது.

ஃபிலிம் கழுவுவதையும் பிரின்ட் போடுவதையும் அவரே செய்தார். மெட்ராஸ் வெயிலில் இது லேசான காரியம் இல்லை. டெவலப்பர் கரைசலை ஏறக்குறைய 20 டிகிரி செல்சியஸில் வைத்திருக்க வேண்டும். நம் ஊர்க் குழாய்த் தண்ணீரே 30 டிகிரிக்கு மேல் வரும். சூடு அதிகமானால் ஃபிலிம் மேல் இருக்கும் ஜெலட்டின் இளகிப் படமே உரிந்துவிடும். காட்டில் பத்து நாள் அலைந்து எடுத்தது பத்து நிமிடத்தில் போய்விடும். இன்று ஃபோனில் நாற்பது படம் எடுத்து முப்பத்தொன்பதை அழிக்கிற நமக்கு இது புரிவது கொஞ்சம் கஷ்டம்தான்.

யானைகளைத்தான் அவர் ஆசை தீர எடுத்திருக்கிறார். முதுமலை மாதிரியான காடுகளில் பழகிய யானையின் முதுகில் உட்கார்ந்து காட்டு யானைக் கூட்டத்தின் பக்கத்தில் போவார். யானைக் கூட்டம் குட்டியை எப்படி நடுவில் வைத்துக்கொள்கிறது, எப்படி நடக்கிறது என்பதையெல்லாம் அந்தப் படங்களில் பார்க்கலாம். அழகுக்காக மட்டும் எடுத்த படங்கள் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பு. 2006-ல் 'ஐ இன் தி ஜங்கிள்' என்ற பெரிய புத்தகமாக அவருடைய படங்களும் கட்டுரைகளும் வந்தன.

எந்த மரம் நம் மரம்?

1960-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1968-ல் ஜவஹர்லால் நேரு ஃபெல்லோஷிப். அந்த உதவியோடு தென்னிந்தியாவின் பெரிய பாலூட்டிகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று காடு காடாகப் போய்ப் பார்த்து எழுதினார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975-ல் அதை நூலாக வெளியிட்டது. 1995-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 'குளோபல் 500' கௌரவம்.

விருதுப் பட்டியல் இருக்கட்டும். அவர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரே விஷயம், ஒரு நாட்டின் அடையாளம் அதன் மண்ணுக்கே உரிய செடிகொடிகளும் உயிரினங்களும்தான் என்பது. தேசப்பற்று என்று பேசுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு காப்பாற்ற வேண்டும் என்றார். வெளியிலிருந்து கொண்டுவந்த அழகுமரங்களையும் செடிகளையும் பற்றி அவருக்குப் பெரிய சந்தேகம் இருந்தது.

நம் தெருக்களைப் பாருங்கள். மே மாதம் சிவப்பாகப் பூக்கும் குல்மொஹர் மடகாஸ்கர் மரம். கல்லூரி வாசலில் நிழல் தரும் தூங்குமூஞ்சி மரம் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. விறகுக்காகக் கொண்டுவந்து, இன்று ஏரிகளையும் கண்மாய்களையும் பிடித்துக்கொண்டிருக்கும் சீமைக் கருவேலமும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. பெயரிலேயே சீமை இருக்கிறது! நீலகிரி ட்ரவுட்கூட வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன்தான்.

அதே சமயம் மயிலை கபாலீஸ்வரர் கோயிலின் தலமரம் எது? புன்னை. கடற்கரை மணலுக்கும் உப்புக்காற்றுக்கும் ஏற்ற மரம். சங்கப் பாடல்களில் நெய்தல் நிலத்துக்கென்றே சொல்லப்படும் மரம். மயிலாப்பூரும் கடற்கரை ஊர்தானே! இந்த மண்ணுக்கு எது சரி என்று நம் முன்னோர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கோயிலுக்கு வெளியே மயிலாப்பூர்த் தெருக்களில் எத்தனை புன்னை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். விரல்கள் மிச்சம் இருந்தாலும் இருக்கும்.

2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. விழுந்தவற்றில் வேர் ஆழமில்லாத அயல்மரங்களே அதிகம் என்று தாவரவியலாளர்கள் பலர் அப்போது சொன்னார்கள். ஊரில் நாட்டு மரம் நடுவோம் என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் சூடு பிடித்தது. சீமைக் கருவேலம் போன்ற அயல் தாவரங்களை அகற்ற 2022-ல் தமிழ்நாடு அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. கிருஷ்ணன் இதைச் சொல்ல ஆரம்பித்தது அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்னால்.

2022-லேயே நமீபியாவிலிருந்து சிவிங்கிப்புலிகளை விமானத்தில் கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்தின் குனோவில் விட்டார்கள். கிருஷ்ணன் இருந்திருந்தால் இதைப் பற்றி என்ன எழுதியிருப்பார் என்று யோசித்தாலே சுவாரசியமாக இருக்கிறது.

தமிழுக்கு எப்போது வந்தார்?

இப்போது முதலில் விட்ட கேள்விக்கு வருகிறேன்.

கிருஷ்ணனுக்குத் தமிழ் தெரியாமலோ பிடிக்காமலோ இல்லை. பழந்தமிழ் இலக்கியத்தில் நல்ல பழக்கம் உள்ளவர். தமிழிலும் கட்டுரைகள் எழுதியிருக்கிறார். கதிரேசன் செட்டியாரின் காதல் என்று ஒரு துப்பறியும் நாவல்கூட எழுதியிருக்கிறார். ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அணிலையும் யானையையும் பற்றி எழுதச் சொல்லி, அதற்குப் பணமும் கொடுத்து, 46 வருடம் பொறுமையாக இடம் ஒதுக்கியது கல்கத்தாவின் ஓர் ஆங்கிலப் பத்திரிகை. மெட்ராஸில் ஸ்டேட்ஸ்மன் வாங்கிப் படித்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஆகவே ராதாகிருஷ்ணன் சாலையில் எழுதியது ஹூக்ளிக் கரையில் படிக்கப்பட்டது. பக்கத்துத் தெருவுக்கு வந்து சேரவில்லை.

இதை யாருடைய குற்றம் என்று சொல்வதைவிட, இதனால் நமக்கு என்ன நஷ்டம் என்று பார்ப்பது நல்லது. ஓர் உதாரணம் சொல்கிறேன். நம் செய்தித்தாள்களில் லெப்பர்டும் சிறுத்தை, சீட்டாவும் சிறுத்தை. இரண்டும் வேறு வேறு விலங்கு. ஒன்று நம் வால்பாறையிலும் நீலகிரியிலும் இன்றும் நடமாடுகிறது. இன்னொன்று இந்தியாவில் எழுபது வருடம் இல்லாமல் போயிருந்தது. சிவிங்கிப்புலி என்ற பெயர் நம்மிடம் இருந்தும் பயன்படுத்துவதில்லை. பெயர் குழம்பினால் எது இருக்கிறது, எது போய்விட்டது என்ற கணக்கும் குழம்பிவிடும். கிருஷ்ணன் மாதிரி ஒருவர் தமிழில் ஆயிரத்து இருநூறு பத்தி எழுதியிருந்தால், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரை இந்தப் பெயர்கள் சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கும். அந்த வாய்ப்பைத் தமிழ் தவறவிட்டது.

ஆறுதலான ஒரு விஷயமும் உண்டு. கிருஷ்ணனை நன்றாக அறிந்தவரும், காட்டுயிர் என்ற சொல்லைத் தமிழில் பரவச் செய்தவருமான சு. தியடோர் பாஸ்கரன், அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தேடிச் சேர்த்து 2002-ல் மழைக்காலமும் குயிலோசையும் என்ற நூலாகக் கொண்டுவந்தார். ஆங்கிலக் கட்டுரைகளை அதற்கு முன்பே, 2000-ல், வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா 'நேச்சர்ஸ் ஸ்போக்ஸ்மன்' என்ற பெயரில் தொகுத்திருந்தார். மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி கிருஷ்ணன் பெயரில் இயற்கை எழுத்துக்கான போட்டியும் நடத்தியிருக்கிறது.

கடைசிப் பத்தி

1996 பிப்ரவரி 18, ஞாயிற்றுக்கிழமை. அன்று கிருஷ்ணன் காலமானார். வயது 83. அன்றைய ஸ்டேட்ஸ்மனில் அவருடைய 'கன்ட்ரி நோட்புக்' வழக்கம்போல வந்திருந்தது. அப்பா பேசி முடித்த கையோடு போனார், பிள்ளை எழுதி அச்சில் வந்த நாளில் போனார். அதே வருடம்தான் மெட்ராஸ் என்ற பெயரும் மாறிச் சென்னை ஆனது.

அவரை நினைவில் வைத்துக்கொள்ளச் சிலை எல்லாம் வேண்டாம் என்பது என் எண்ணம். மழைக்காலமும் குயிலோசையும் மெலிந்த புத்தகம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் படித்துவிடலாம். கன்னிமாராவிலோ தேவநேயப் பாவாணர் நூலகத்திலோ தேடிப் பாருங்கள். ஆங்கிலம் சுலபமாக வரும் என்றால் குஹாவின் தொகுப்பிலிருந்து தொடங்கலாம்.

படித்து முடித்ததும் உங்கள் தெருவில் இருக்கிற மரங்களுக்கு ஒரு பட்டியல் போடுங்கள். தமிழ்ப் பெயரோடு. பத்து மரத்தில் எத்தனைக்குப் பெயர் தெரிகிறது என்று பாருங்கள். மந்தைவெளியில் எங்கள் தெருவில் எனக்கு நாலு தெரிந்தது. மீதி ஆறையும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். தெருமுனையில் இஸ்திரி போடும் தாத்தாவுக்கு எல்லாம் தெரியும் என்று அம்மா சொல்கிறாள்.